எழுத்தில்லாத சிலிண்டர்: 12 ஆண்டுகளுக்குப் பிறகும் தீராத எரிச்சல்

டெக்சாசில் என்னோடு இலக்குப் பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர், 1960-களில் செய்யப்பட்ட ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் வகை) ரிவால்வர் ஒன்றைச் சென்ற வாரம் வாங்கிவிட்டு, குழலில் ‘.22’ (அங்குலத்தில் குழலின் தோராய விட்டம்) என்று மட்டுமே பொறித்திருப்பதால் எந்தத் தோட்டாவை வாங்குவது என்று கேட்டார். அதே காலத்து ரிவால்வர் ஒன்றை 12 ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அவருடைய கேள்வி என் பழைய எரிச்சலைக் கிளறிவிட்டது.

துப்பாக்கியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசையின் அழுத்தம் இன்றும் மாறவில்லை, குறி தப்புவதில்லை, நடு அச்சை உருவி ஒரு சிலிண்டருக்கு (தோட்டாக்களை ஏற்றும் சுழல் உருளைக்கு) பதில் மற்றொன்றை மாட்ட அரை நிமிடம் போதும். இரண்டில் ஒன்று .22 லாங் ரைபிளுக்கு உரியது, மற்றது .22 மேக்னத்துக்கு உரியது. எது எதற்கு என்பதற்குத்தான் இரண்டிலும் ஓர் எழுத்துகூட இல்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் புதுப் பூச்சு ஏற்றுவதற்காகத் தேய்த்தபோது பொறித்திருந்த எழுத்து அழிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1887-இல் வந்த லாங் ரைபிள் தோட்டாவின் கூடு (மருந்து அடங்கிய உலோக உறை) ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர் தடிமனும் 15.6 மில்லிமீட்டர் நீளமும் உடையது. வின்செஸ்டர் 1959-இல் வெளியிட்ட மேக்னம் தோட்டாவின் கூடோ 6.1 மில்லிமீட்டர் தடிமனும் 26.8 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. பெரியது சிறிய அறைக்குள் (சிலிண்டரில் தோட்டா அமரும் துளைக்குள்) நுழையாது. ஆனால் சிறியது பெரிய அறைக்குள் தாராளமாக நுழையும், வெடிக்கவும் செய்யும். ‘எல்லாம் .22 தானே’ என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி முதல் நாளே லாங் ரைபிளை மேக்னம் சிலிண்டரில் போட்டுச் சுட்டேன். கூடுகள் உப்பி நீளவாக்கில் பிளந்தன, புகை பின்பக்கமாகச் சீறியது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

அதன்பின் வெறும் சிலிண்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அறைக்குள் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மேக்னம் அறையில் பின்புறத்திலிருந்து ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் ஆழத்தில் கூடு முடிந்து குண்டு நிற்குமிடத்தில் தெளிவான படி தெரியும். லாங் ரைபிள் அறையில் கூடும் குண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்பதால் அந்தப் படி மங்கலாகவே இருக்கும். இதிலும் ஏமாறலாம்: லாங் ரைபிளைவிடக் குட்டையான .22 ஷார்ட் தோட்டாவை நிறையச் சுட்ட அறையில் சேரும் கரி வளையம் அந்தப் படியைப் போலவே தோன்றும். 1890-இன் .22 டபிள்யு.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம்ஃபயர்) தோட்டாவோ மேக்னத்தின் தடிமனையே கொண்டிருந்தாலும் நீளத்தில் குறைந்தது. ஆகவே 1959-க்கு முந்தைய ரிவால்வரில் அகன்ற அறையைக் கண்டால் அது மேக்னம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையை அறையில் ஊற்றி, துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் எடுத்துத் தரும் வார்ப்பை அளந்தால் மட்டுமே ஐயம் முழுவதும் தீரும்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிலிண்டரில் பெயர் பொறித்த ஒன்றை வாங்குமாறு அறிவுறுத்தினேன். அப்படியானால் உங்களுடையதையாவது விலைக்குத் தாருங்கள் என்றார். தர மறுத்துவிட்டேன்.