ஒர்க்அவுட் வால்யூம் கணக்கு: ஊட்டியில் இரண்டு வருடப் பயன்பாடு

வெயிட் × ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது) × செட் (இடையில் ஓய்வெடுக்காமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு). ஒர்க்அவுட் ஆப்புகள் வால்யூம் என்று காட்டுவது பெரும்பாலும் இந்தப் பெருக்கல் தொகையைத்தான். இரண்டு வருடம் ஆப்பிலும் நோட்டிலும் எழுதிப் பார்த்ததில், தசை வளர்கிறதா என்று சொல்ல இந்த எண் உதவவில்லை. ஸ்குவாட் 80 கிலோவில் 5 ரெப், 3 செட் போட்டால் 1,200. லெக் பிரஸ் 150 கிலோவில் 12 ரெப், 3 செட் என்றால் 5,400. ஸ்குவாட்டை விட்டு லெக் பிரஸுக்கு மாறிய வாரமே கிராஃப் நாலரை மடங்கு எகிறும். தொடை அதே தொடைதான்.

எண்ண வேண்டியது கடின செட். இன்னும் மூன்று ரெப்புக்கு மேல் வராது என்ற நிலைவரை போனதை மட்டும் சேர்க்க வேண்டும். வார்ம்-அப் கணக்கில் வராது. ஒரு தசைக்கு வாரம் 10 முதல் 20 செட் என்பது பொதுவான அளவு, புதியவர்களுக்கு அதற்குக் கீழேயே போதும். பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) நெஞ்சுக்கு ஒரு செட், ட்ரைசெப்ஸுக்கு, அதாவது மேல்கையின் பின்பக்கத் தசைக்கு, அரை செட். இந்த அரையை எழுதாமல் விட்டால் முழங்கை வலிக்கத் தொடங்கும்போது காரணம் நோட்டில் தென்படாது.

நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: பெஞ்ச் 60 — 10, 9, 8 — மிச்சம் 2, 1, 0 — ஓய்வு 3 நிமிடம். 60 கிலோவில் மூன்று செட்டின் ரெப்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் இன்னும் எத்தனை ரெப் வந்திருக்கும் என்ற மிச்சம், செட்டுகளுக்கு இடையே ஓய்வு.

கடைசியில் வரும் ஓய்வு நேரத்தைப் பலர் எழுதுவதில்லை. ஊட்டியில் அதுதான் உயிர். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. 5 ரெப் செட்டில் பெரிதாகத் தெரியாது. 15 ரெப் ஸ்குவாட்டில் தொடை களைக்கும் முன்பே மூச்சு வாங்கும். போன வாரம் 3 நிமிடம், இந்த வாரம் 90 விநாடி ஓய்வு என்றால் ரெப் குறையத்தான் செய்யும், பலம் போய்விட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மேலே வந்து சேருபவர்கள் முதல் இரண்டு வார எண்களைப் பழையவற்றோடு ஒப்பிடவே வேண்டாம்.

மூன்று செட்டும் 12 ரெப் தொட்டதும் 2.5 கிலோ கூட்டி, மறுபடி 8-லிருந்து ஏறும் முறை நன்றாக ஓடுகிறது. சிக்கல் பிளேட்டில். சின்ன ஜிம்களில் பல நேரம் 1.25 கிலோ ஜோடி இருக்காது. 60-க்கு அடுத்து 65-தான். ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் 14 ரெப் வரை ஏறிவிட்டு 65-க்குப் போங்கள். பிளேட் மாட்டும் கம்பியான பாரையும் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். 20 என்று எல்லோரும் எழுதும் பார் 15 கிலோகூட இல்லாமல் இருக்கலாம். தினமும் அதே பார் என்றால் கெடுதல் இல்லை, பார் மாறும் நாளில்தான் கணக்கு குழம்பும். நுனியில் பெயின்ட் பொட்டு வைத்து அடையாளம் செய்துவிடலாம்.

ஜூன், ஜூலை ஈரத்தில் ஜெல் பேனா மை பரவிவிடும், பென்சில்தான் நல்லது. ஈர விரலுக்கு போன் ஸ்கிரீனும் சரியாக வேலை செய்யாது. அதனால் ஜிம்மில் நோட்டு, ஞாயிற்றுக்கிழமை கூகுள் ஷீட். அங்கே, ஒரே ஒரு ரெப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று மதிப்பிடும் எப்லி சூத்திரம் போட்டால் போதும்: எடை × (1 + ரெப் ÷ 30). 60 கிலோவுக்கு 10 ரெப் என்றால் 80. ரெப் 10-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

குன்னூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டுக்குத் தினமும் ஏறி நடப்பவர்கள் அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், காலுக்குப் பயிற்சி செய்யும் நாளில் ரெப் குறைவதற்கு அது காரணமாக இருக்கலாம். உடல் எடையை வாரச் சராசரியாகவும், கை, தொடைச் சுற்றளவை நாலு வாரத்துக்கு ஒருமுறையும் எழுதினால் போதும். எடை மெஷினில் ஸ்வெட்டரோடு ஏறாதீர்கள். பழைய வீடுகளின் பலகைத் தரையில் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டும். சிமென்ட் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள்.