மாமா மேல் இருந்த பிடிவாரண்ட்: இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்ததும் கோர்ட்டில் ரீகால் செய்ததும்

ராத்திரி எட்டரை மணிக்கு மாமாவுக்கு ஒரு போன். "உங்க பேர்ல என்.பி.டபிள்யூ பெண்டிங் இருக்கு, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். என்.பி.டபிள்யூ. என்பது பிணையில் விட முடியாத பிடிவாரண்ட். மாமாவுக்கு 63 வயது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கூப்பிட்டு, "பாப்பா, இது நிஜமா, இல்ல ஏமாத்து வேலையா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். சீல் போட்ட வாரண்ட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பலைப் பற்றித் தினமும் படிக்கிறோம். உண்மையா பொய்யா என்று அன்றைக்கு ராத்திரியே தெரிந்துகொள்ள எனக்கு உதவியது இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலிதான். அதோடு, அதற்கப்புறம் கோர்ட்டில் நடந்ததையும் எழுதுகிறேன், ஏனென்றால் வாரண்ட்டைச் செயலியில் பார்க்கத்தான் முடியும், அங்கேயே நீக்கிக்கொள்ள முடியாது.

மாமா சின்னதாக ஒரு அச்சகம் நடத்தி வந்தார். கடனுக்கு ஈடாகக் கொடுத்து வைத்திருந்த செக் பணமில்லாமல் திரும்பி, அவர் மேல் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் செக் கேஸ் நடக்கிறது. முதல் இரண்டு வாய்தாவுக்கு ஒழுங்காகப் போனார். மூன்றாவது வாய்தா அன்று அத்தை ஆஸ்பத்திரியில். வக்கீலிடம் சொன்னதற்கு, "நான் ஆப்சென்ட் பெட்டிஷன் போட்டுக்கறேன், நீங்க வர வேண்டாம்" என்றாராம், அதாவது வர முடியாததற்கு மன்னிக்கக் கேட்கிற மனு. அப்புறமும் இரண்டு மூன்று முறை அதே பதில். மாமாவும் நம்பிவிட்டார். வீடும் மாறியாயிற்று.

செயலி இலவசம், தேசியத் தகவலியல் மையம் செய்தது. கேஸுக்கு 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு சி.என்.ஆர். நம்பர் உண்டு, தமிழ்நாட்டுக் கேஸ் என்றால் டி.என். என்று தொடங்கும். அது கையில் இருந்தால் அரை நிமிட வேலை. மாமாவிடம் அதுவும் இல்லை, கேஸ் நம்பரும் இல்லை, எல்லாம் வக்கீல் ஆபீஸ் கட்டில் இருக்கிறது. கேஸ் ஸ்டேட்டஸ் பகுதிக்குப் போய், மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் எல்லாம் தேர்ந்தெடுத்து, பார்ட்டி நேம் என்ற இடத்தில் பெயரும் வருடமும் கொடுத்துத் தேடினேன். பெயரை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டியிருந்தது. ஆதாரில் இருக்கிற எழுத்துக்கூட்டலில் இல்லாமல் புகார் கொடுத்தவர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் பதிவாகியிருக்கும் என்பதால், முழுப் பெயரையும் அடிக்காதீர்கள், முதல் நாலைந்து எழுத்து மட்டும் அடித்துவிட்டு வரும் பட்டியலில் எதிர்ப்பக்கத்துப் பெயரை வைத்து அடையாளம் பிடியுங்கள். வருடத்தையும் ஒன்று முன்னே பின்னே மாற்றிப் பாருங்கள். போலீஸ் போட்ட கேஸ் என்றால் ஸ்டேஷன் பெயரும் எஃப்.ஐ.ஆர். நம்பரும் வைத்தும் தேடலாம்.

கிடைத்தது. எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) நம்பர், எந்த கோர்ட், அடுத்த வாய்தா தேதி எல்லாம் இருந்தது. ஆனால் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே கேஸ் ஹிஸ்டரி என்று ஒரு பட்டியல், ஒவ்வொரு வாய்தா தேதிக்கும் ஒரு வரி. அந்தத் தேதியைத் தொட்டால் அன்றைக்கு கோர்ட்டில் என்ன நடந்தது என்கிற குறிப்பு திறக்கும். அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த அந்தத் தேதியைத் தொட்டேன். "அக்யூஸ்டு ஆப்சென்ட். நோ ரெப்ரசன்டேஷன். இஷ்யூ என்.பி.டபிள்யூ." அவ்வளவுதான், மூன்று துண்டு வாக்கியம்: குற்றம் சாட்டப்பட்டவர் வரவில்லை, அவர் சார்பில் யாரும் இல்லை, பிடிவாரண்ட் பிறப்பிக்கவும். அதற்குக் கீழே வரிசையாக ஏழு வாய்தாவுக்கும் 'என்.பி.டபிள்யூ. பெண்டிங்' என்று இருந்தது. அந்த ஏழு வரியைப் பார்த்தபோது எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஏழு முறை மாமா பெயரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள், ஒருத்தரும் நின்று பதில் சொல்லவில்லை, இங்கே மாமா வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த ஒரு வசதிக்காகவே செயலிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கேஸ் நடக்கிற எவர் போனிலும் இது இருக்க வேண்டும். அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், எல்லாம் கோர்ட் ஆங்கிலத்தில் இருப்பது. என்.பி.டபிள்யூ. என்றால் பிணையில் விட முடியாத பிடிவாரண்ட் என்று தெரியாத ஒருவர் அந்த வரியைப் பார்த்தும் கடந்து போய்விடுவார்.

இனி கோர்ட். முதலில் ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிடிவாரண்ட்டை ஸ்டேஷனில் பேசி முடிக்க முடியாது, இன்ஸ்பெக்டருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. பிறப்பித்த கோர்ட்தான் ரத்து செய்ய வேண்டும், அது வரைக்கும் அல்லது கைது நடக்கும் வரைக்கும் அது உயிரோடுதான் இருக்கும். ஐந்து வருடம் ஆனாலும் தானாகக் காலாவதி ஆகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70(2), 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72(2). ரீகால் பெட்டிஷன், அதாவது வாரண்ட்டை ரத்து செய்யச் சொல்லும் மனு, போடுவது இந்தப் பிரிவில்தான். பிணையில் விடக்கூடிய வாரண்ட் என்றால் போலீஸே ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம், இதில் அது முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தால் சனி ஞாயிறு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைவிட நாமாகக் காலையில் போய் நிற்பது எவ்வளவோ மேல்.

வக்கீலை மாற்றுவதற்காகப் பழைய வக்கீலிடம் நோ அப்ஜெக்ஷன் கையெழுத்து வாங்க இரண்டு நாள் அலைந்தோம். புது வக்கீல் ஒரு பெண், ஏழெட்டு வருட அனுபவம், முதல் கேள்வியே "அம்மா ஆஸ்பத்திரியில இருந்த டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கா?" என்பதுதான். இருந்தது. "இல்லாததுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வராதீங்க சார், உள்ளதை உள்ளபடி சொல்லுவோம்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. முதலில் சம்மன், அப்புறம் பிணையில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் என்.பி.டபிள்யூ. என்று 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் சேர்த்தார். ரீகாலுக்கு அவர் வாங்கியது 3,500 ரூபாய். அதுவும் முடியாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கொடுப்பார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வாசலில் நின்று "நான் முடிச்சுத் தர்றேன்" என்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

வாய்தா தேதி வரைக்கும் காத்திருக்கவில்லை, வேறொரு நாளில் மனு போட்டுக் கேஸை முன்கூட்டி எடுக்கச் சொன்னோம். காலை பத்து மணிக்கே போய்விட்டோம். அன்றைய கேஸ்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும் காலிங் ஒர்க் முடிந்து மனுக்களை எடுக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மாமா பெயரைக் கூப்பிட்டதும் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் போனார், கம்பியைப் பிடித்த கை நடுங்கியது பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. "ஏன் இத்தனை நாளா வரலை?" என்று நடுவர் கேட்டார். "வீட்ல ஆஸ்பத்திரிங்கய்யா, அப்புறம் வர வேண்டாம்னு நெனச்சுட்டேன், தப்புதாங்கய்யா" என்றார் மாமா. நடுவர் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிப் பார்த்தார், இனி ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வர வேண்டும் என்று எச்சரித்து ரீகால் செய்துவிட்டார். நாலு நிமிடம் இருக்கும். இதற்காகவா பத்து நாள் தூங்காமல் கிடந்தார் என்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். சில நேரம் ஜாமீன்தார் இருவரைக் கொண்டுவரச் சொல்வார்கள், சில நேரம் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள், ரொம்ப நாள் வராமலே இருந்து தேடப்படும் குற்றவாளி என்று அறிவிப்பு போயிருந்தால் விஷயம் இன்னும் கடினம். அதனால்தான் சீக்கிரம் போங்கள் என்கிறேன்.

ரீகால் ஆன கையோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கோர்ட்டில் ரத்தானது ஸ்டேஷன் நோட்டில் ஏறும் வரைக்கும் அங்கே அது பெண்டிங்காகவேதான் தெரியும். நாங்கள் நகல் மனு போட்டு உத்தரவை வாங்கி, ஸ்டேஷனில் ஒரு பிரதி கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். மாமாவுக்குப் போன் செய்தவர் அங்கேதான் இருந்தார், மரியாதையாகவே பேசினார், "முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது பெரியவரே" என்றார்.

செக் கேஸ் இன்னும் முடியவில்லை, மக்கள் நீதிமன்றத்தில் வைத்துச் சமரசம் பேசலாமா என்று எதிர்த்தரப்பைக் கேட்டிருக்கிறோம். செயலியில் மை கேஸஸ் பகுதியில் கேஸைச் சேமித்து மாமாவின் போனிலேயே வைத்துக் கொடுத்துவிட்டேன். வாய்தாவுக்கு முந்தின ராத்திரி அவரே திறந்து பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடுகிறார், "நாளைக்குத்தான் பாப்பா, தேதி மாறல" என்று.