எஸ்எஸ்டி போட்ட பழைய டெஸ்க்டாப்: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2013-இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ5-3470 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடியது. 2021 முடியும்போது அது இருந்த நிலையைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய், துவைத்த துணியையெல்லாம் காயப்போட்டுவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மகள் பள்ளிக் கட்டுரை தட்டச்சு செய்ய உட்கார்ந்தால், எழுத்து திரைக்கு வருவதற்குள் அவளுக்கு அடுத்த வரி மறந்துவிடும்.

புதுசு வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்குக் கையில் பணம் இல்லை. இருக்கும் கொஞ்சத்தை எதில் போட்டால் பலன் தெரியும் என்பதுதான் என் கேள்வி. அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தேன். இந்த ஒரு வாரம்தான் பிறகு என் பணத்தைக் காப்பாற்றியது.

பார்த்தது இதுதான்: பிரவுசரைத் திறக்கும்போது ப்ராசஸர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கிறது. ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குகிறது. காரணம் எளிது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு முறை சுற்றி வர 8.3 மில்லி செகண்ட் ஆகும். வேண்டிய இடம் படிக்கும் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம், ஊசி அந்தத் தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லி செகண்ட். ஆக, அங்கும் இங்குமாகக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டுமென்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 80 தடவைதான் முடியும். இயங்குதளம் எழுந்து நிற்கவே இப்படி ஆயிரக்கணக்கான தடவை படிக்க வேண்டும். எஸ்எஸ்டி என்பது சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க், அதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, ஒரு தடவை படிக்க 0.1 மில்லி செகண்ட் போதும்.

சரி, எஸ்எஸ்டி வாங்கலாம் என்று முடிவு செய்தபோது, விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் தடுத்தார். டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா இணைப்பில், எச்61 போர்டில் இருப்பது பழைய சாட்டா 2 தான், நொடிக்கு 3 ஜிகாபிட், எஸ்எஸ்டியின் வேகத்தில் பாதிதான் கிடைக்கும் என்றார். கணக்கு சரிதான். நொடிக்கு 550 எம்பி தரக்கூடிய எஸ்எஸ்டி, என் போர்டில் 280 எம்பிக்கு மேல் போகாது. ஆனால் அது பெரிய ஒற்றைக் கோப்பைப் படிக்கும் வேகம். சின்னக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும்போது எந்த சாட்டா எஸ்எஸ்டியும் நொடிக்கு 30, 40 எம்பி அளவில்தான் நிற்கும். அதே வேலையில் என் ஹார்ட் டிஸ்க் 1 எம்பியைக்கூடத் தொடவில்லை. பழைய போர்டு என்பதற்காக எஸ்எஸ்டியைத் தவிர்க்காதீர்கள் என்று நான்கு ஆண்டுக்குப் பிறகும் உறுதியாகச் சொல்வேன்.

2022 ஜனவரியில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். 2.5 அங்குல சாட்டா வகைதான், எஸ்எஸ்டியை நேரடியாகப் போர்டில் செருகும் எம்.2 துளை இதில் கிடையாது. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டே சாட்டா பவர் முனைகள். ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று யாரும் தொடாத டிவிடி டிரைவில். டிவிடியிலிருந்து கழற்றி எஸ்எஸ்டிக்குக் கொடுத்தேன். பழைய நான்கு முள் முனையை சாட்டாவாக மாற்றும் மலிவான ஒயர்களும் கிடைக்கும், ஆனால் பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக ஊற்றிச் செய்தவற்றில் உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எரிந்துபோவது உண்டு. அதை நம்பவில்லை. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளில், சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தது. ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினேன். நிறுவிய பிறகு சும்மா மாற்றினால் நீலத் திரை வந்து நின்றுவிடும், இந்த வரிசை முக்கியம்.

அன்று மாலை கணினி எழுந்து நிற்க எவ்வளவு ஆகிறது என்று கைப்பேசியில் நேரம் பார்த்தேன். முன்பு மூன்றரை நிமிடம், இப்போது 24 நொடி. மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, “அப்பா, மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று மூன்று தடவை செய்யச் சொன்னாள்.

அப்புறம் ரேம். இங்கேதான் அடிபட்டேன். 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று மற்றவற்றைவிட ரொம்ப மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். மாட்டினால் திரையே வரவில்லை, பீப் ஒலிதான். கழற்றி, தங்க முலாம் பூசிய முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி அழுத்தி மாட்டினேன். மறுபடியும் பீப். ஒரு முழு இரவு போன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏஎம்டி போர்டுகளில் மட்டும் வேலை செய்யும் ரேம் என்று ஒரு வகை டிடிஆர்3 உண்டு. ஒவ்வொரு சில்லும் 4 பிட் அகலம் கொண்டது, அந்த அமைப்பை இன்டெல் ப்ராசஸரின் நினைவகக் கட்டுப்பாட்டகம் ஏற்காது. விற்றவர் அதை எங்கேயும் சொல்லவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பணம் போனது இன்னும் எனக்கு வருத்தம்தான். டிடிஆர்3 வாங்கும்போது, இன்டெல் போர்டில் ஓடுமா என்று வெளிப்படையாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை 4 ஜிபி ரேம் இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே வேகம் பார்த்து, ஏற்கனவே பயன்படுத்தியவையாக வாங்கினேன். பழைய 4 ஜிபியைக் கழற்றி வைத்துவிட்டேன். போர்டில் இரண்டே துளைகள்தான், இரண்டிலும் சமமாகப் போட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனலாக ஓடும், இன்டெலின் உள் கிராபிக்ஸுக்கும் அது நல்லது. மாட்டியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. 8 ஜிபி வந்த பிறகு பிரவுசரில் இருபது டேப் திறந்திருந்தாலும் பழைய டேப்புக்குத் திரும்பும்போது அது மறுபடி முதலிலிருந்து ஏறுவதில்லை. 16 ஜிபி வரை போர்டு ஏற்கும். நான்கு ஆண்டில் அதற்கான தேவை வரவில்லை.

அதிகச் செலவு இல்லாமல் பெரிய பலன் தந்தது சுத்தம் செய்ததுதான். கேபினெட்டைத் திறந்தால் ப்ராசஸர் மேல் இருந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. விசிறியைக் கழற்றாமல் வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. ப்ராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு ஊன்றுகளையும் எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். ஒவ்வொன்றும் டக் என்று விழ வேண்டும். ஒன்று சரியாக விழாததைப் போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தபோதுதான் கண்டேன். வீடியோ பார்க்கும்போது 88 டிகிரி வரை போன சூடு 61-இல் நின்றது.

தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காத்து வைக்கும் சிமாஸ் பேட்டரியையும் அன்றே மாற்றியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். 2023-இல் ஒருநாள் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு என்று வந்தது. வைரஸோ என்று பயந்து இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் தேதி 2012 ஜனவரி 1. தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்குச் செல்லாது, அவ்வளவுதான். சிஆர்2032 பேட்டரி ஒன்று போட்டதும் தீர்ந்தது. ஆனால் அந்த பேட்டரி தீர்ந்தபோது பயாஸ் அமைப்புகளும் அழிந்து சாட்டா முறை மறுபடி ஐடிஇக்குப் போயிருந்தால் விண்டோஸ் எழுந்திருக்காது. எனக்கு அது நடக்காமல் தேதி மட்டும் போனது நல்ல காலம்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொன்னவர்கள் நிறைய பேர். யூடியூப் 1080பியில் ஓடும்போது விசிறி இரைந்ததுதான் காரணம். இந்த ப்ராசஸரின் எச்டி 2500 கிராபிக்ஸ், எச்264 என்ற பழைய வடிவ வீடியோவைத் தானே பிரித்துவிடும். விபி9, ஏவி1 வடிவங்கள் அதற்குத் தெரியாது, சுமை முழுக்க ப்ராசஸர் மேல் விழும். யூடியூப் பெரும்பாலும் அந்தப் புது வடிவங்களைத்தான் அனுப்புகிறது. எச்264 மட்டும் கேட்டு வாங்கும் ஒரு சிறிய பிரவுசர் நீட்சியை நிறுவினேன், இரைச்சல் அடங்கியது. 1080பிக்கு மேல் கிடைக்காது, என் மானிட்டரும் அதற்கு மேல் காட்டாது.

விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் கேட்கிறது, என்னுடையது மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் நிறுவலாம் என்றாலும், வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடியும் என்று தெரிந்ததால், 2024-லேயே லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு மாறிவிட்டேன். 2029 வரை அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக்கொண்டேன், இந்தக் கட்டுரையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன். பழைய ஸ்கேனரை இயக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது, அது ஒன்றுதான் சிரமம்.

குறைகள் இல்லாமல் இல்லை.  இந்த எஸ்எஸ்டியில் பெரிய வீடியோ கோப்புகளை நகலெடுத்தால் முதல் சில ஜிபி வேகமாகப் போகும், பிறகு ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே இறங்கும். மற்றபடி இதுவரை அதில் எழுதப்பட்டது 11 டெராபைட், தயாரிப்பாளர் உத்தரவாதம் தரும் அளவு 80 டெராபைட். தேய்மானத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. ஆனால் எஸ்எஸ்டி சாகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி கரகரவென்று முன்கூட்டியே சொல்லாது. அதனால் ஞாயிறுதோறும் படங்களையும் ஆவணங்களையும் பழைய 500 ஜிபியில் எடுத்து வைத்துவந்தேன். போன ஆண்டு அந்த டிஸ்க்கில் பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (தகவல் சேமிக்கும் சிறு பகுதிகள்) 8-லிருந்து 40 ஆயின. உடனே ஒரு வெளி டிஸ்க் வாங்கினேன். போர்டில் இருந்த யூஎஸ்பி 2.0 நொடிக்கு 30 எம்பிதான் தந்தது என்பதால், பிசிஐஇ துளையில் ஒரு யூஎஸ்பி 3.0 கார்டும் போட்டேன். இதுவரை இந்தக் கணினிக்குச் செய்த கடைசிச் செலவு அது.

இனி இதில் பணம் போட மாட்டேன். போர்டு போனால் எஸ்எஸ்டியையும் யூஎஸ்பி கார்டையும் கழற்றி அடுத்த கணினிக்கு எடுத்துக்கொள்ளலாம், டிடிஆர்3 ரேம் மட்டும் இதோடு போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபினெட்டைத் திறந்து தூசி தட்டும்போது, ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலையை டார்ச் அடித்துப் பார்ப்பேன், உப்பியிருக்கிறதா என்று. போன வாரமும் பார்த்தேன். எல்லாம் தட்டையாகத்தான் இருக்கின்றன.