மலையகத் தோட்டத்துக்குச் சைக்கஸா, ஸாமியாவா?

பண்டாரவளையில் எங்கள் முன்தோட்டத்து வெயில் மேட்டில் நான் நட்டிருப்பது சைக்கஸ். அதற்குப் போட்டியாக நின்றது, ‘கார்ட்போட் பாம்’ என்று விற்கப்படும் ஸாமியா. பார்வைக்குப் பனைபோல் இருந்தாலும் இரண்டும் பனைகள் அல்ல. இரண்டும் வெயிலை விரும்புபவை, வேரூன்றிய பின் வறட்சியைத் தாங்குபவை. இரண்டின் விதையும் நஞ்சு என்பதால் நாய் வளர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஸாமியாவின் இலை மழுங்கலானது, பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்துக்கு ஏற்றது. சைக்கஸின் இலைநுனி குத்தும், வளர்ச்சியும் மிக மெதுவானது. ஆனால் மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் கரையோரத்தில் பிறந்த ஸாமியாவுக்கு உறைபனி ஆகாது. தென் யப்பானின் சைக்கஸோ பூச்சியத்துக்குக் கீழே சில பாகை வரை தாங்கும். தை, மாசியில் புல்மேல் உறைபனி படியும் நுவரெலியாவில் (1,868 மீற்றர்) இந்த ஒரு காரணமே போதும்.

எங்கள் பக்கத்தில் முடிவைத் தீர்மானிப்பது குளிரல்ல, தேங்கும் நீர். ஆடிக் காற்றில் மண் வெடித்தாலும் சைக்கஸ் அசையாது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையில் அடியைச் சுற்றி நிற்கும் நீர்தான் அதைக் கொல்லும். ஸாமியாவுக்கும் அதே ஆபத்து உண்டு என்றாலும், அதன் தண்டு பெரும்பாலும் மண்ணுக்குள் கிழங்குபோல் கிடப்பதால், உள்ளே தொடங்கும் அழுகல் இலை சாயும்வரை வெளியே தெரிவதில்லை. சைக்கஸின் தண்டு மண்ணுக்கு மேலே நிற்பதால், மழைக்காலத்தில் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தே அதன் நலத்தை அறிந்துகொள்ளலாம்: கெட்டியாக இருந்தால் நலம், மெத்தென்று அமுங்கினால் அழுகல். ஆகவே ஆற்றுமணலும் சல்லியும் கலந்த மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து, தண்டின் அடி புதையாமல் நட்டு, சரிவின் மேற்பக்கத்தில் ஒரு கான் வெட்டி நீரைத் திருப்பிவிட வேண்டும். உக்கிய இலைக்குப்பையைத் தண்டோடு அணைத்துப் போடக் கூடாது.

வெயிலிலும் சமரசம் வேண்டாம். சைக்கஸின் புதிய இலைகள் ஒரே வளையமாக, பழுப்புப் பஞ்சு போர்த்தபடி, சுருள் அவிழ்ந்து எழும். அந்த வாரங்களில் நிழல் கூடினால் அவை நீண்டு துவண்டு, அப்படியே முற்றிவிடும்.

ஹட்டன் பக்கத்து ஓயாத மழையில் இதை வளர்த்த அனுபவம் எனக்கில்லை. அங்கே நடுபவர்கள், கூரைநீர் விழாத, வெயில் படும் சுவரோரத்தில், அடியில் துளையுள்ள தொட்டியில் வைத்துத் தொடங்குவது பாதுகாப்பானது என்பேன்.