பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் செம்புத் தோட்டாவும் மானின் இரத்தத் தடமும்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்பவர்களிடையே பார்ன்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்எக்ஸ் தோட்டாவுக்கு நல்ல பெயர் உண்டு; .308 துப்பாக்கிக்கான (எண் தோட்டாவின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கிறது) 150 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9.7 கிராம் எடையுள்ள வகையையே இங்கு மதிப்பிடுகிறேன். ஈயமே கலவாத இந்தச் செம்புத் தோட்டா, உடலில் பாய்ந்ததும் முனை நான்கு இதழ்களாக விரிய, எடையைப் பெரும்பாலும் இழக்காமல் மறுபுறம் துளைத்து வெளியேறிவிடுகிறது. சுடப்பட்டு ஓடிய மானின் இரத்தத் தடத்தைத் தேடுபவருக்கு இதுவே பெரிய உதவி; ஏனெனில் பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது வெளியேறும் துளை தாழ்வாக அமைந்து, இரத்தம் மார்புக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடாமல் தரையில் சிந்துகிறது. நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலில் பட்டதைக் காட்டும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரலில் பட்டிருக்கலாம் என்பதால், சில மணி நேரம் பொறுத்தே பின்தொடர வேண்டும். வயிற்றில் பட்டுவிட்டால் எந்தத் தோட்டாவும் நல்ல தடம் தராது என்பது வேறு விஷயம்.

தொலைவில் வேகம் குறையும்போது செம்பு, ஈயத்தைப் போல எளிதில் விரிவதில்லை. அப்போது துளை சிறுத்து, தடமும் மெலிகிறது. விலையும் கூடுதல்தான். ஆயினும் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாக்களை முற்றிலும் தடைசெய்துள்ள கலிபோர்னியாவில், இருநூறு கஜத்துக்குள் சுடுபவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.