ஆக்ராவுக்கு ஒரு பகல்: அப்பா அம்மாவுடன் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு நீண்ட விடுமுறை என்றால் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத மாதங்கள் அவை. வட இந்தியாவில் பனிமூட்டம் கெட்டியாக இறங்குவதும் அதே மாதங்களில்தான். டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு ஒருநாள் சுற்றுலா விற்கிற ஏஜெண்டுகள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. "ராத்திரி மூணு மணிக்கு ஹோட்டல் வாசலில் வண்டி, சூரிய உதயத்தில் தாஜ்மஹால்" என்பதுதான் அவர்கள் நீட்டும் முதல் திட்டம். அக்டோபரிலோ மார்ச்சிலோ அது நல்ல யோசனை. ஜனவரியில் அந்த நேரத்துக்கு யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் போகச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். 165 கிலோமீட்டர் நீளம், 2012-இல் திறந்த நல்ல சாலைதான். ஆனால் முன்னால் போகிற லாரியே கண்ணுக்குத் தெரியாத பனியில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிய விபத்துகள் அங்கே நடந்திருக்கின்றன. குளிர்காலத்தில் வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும், அந்த நேரத்தில் சூரியனும் தெரியாது, தாஜும் தெரியாது.

அதனால் நாங்கள் ரயிலில் போனோம். டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து காலை 8.10-க்குப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம், பனி இல்லாவிட்டால் 100 நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட். வெள்ளிக்கிழமை இந்த ரயில் கிடையாது, தாஜ்மஹாலும் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. டெல்லியில் தங்கும் நாட்களை முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ரயில் பனியால் தாமதமாகத்தான் போனது. ஆனால் அப்பாவும் அம்மாவும் கால் நீட்டி உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு, கழிவறை பக்கத்திலேயே இருக்கப் போய்ச் சேர்ந்தார்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அதுதான் முக்கியம்.

ஆக்ரா ஸ்டேஷனிலிருந்து ஏழு பேர் உட்காரக்கூடிய வண்டி, ஓட்டுநர், அரசு அனுமதி பெற்ற வழிகாட்டி, மாலையில் திரும்ப ஸ்டேஷன். ஏஜெண்டிடம் நாங்கள் வாங்கியது இவ்வளவுதான். நுழைவுச் சீட்டை அவர்களிடம் விடவில்லை. தொல்லியல் துறைக்கு ஆன்லைன் சீட்டு வசதி இருக்கிறது. ஏஜெண்டு மூலம் எடுத்தால் யாருக்கு எந்தக் கட்டணம் என்ற கணக்கு தெளிவாக வருவதில்லை.

இந்தக் கணக்கு நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கொஞ்சம் சிக்கலானது. அப்பா அம்மா இந்தியக் குடியுரிமை. நானும் மனைவியும் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட மச்சான் இலங்கை பாஸ்போர்ட். நாங்கள் போனபோது தாஜ்மஹாலுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1100, இலங்கை உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 540. நினைவுச்சின்னங்களின் நுழைவுக் கட்டணத்தில் ஓசிஐ அட்டைக்காரர்களும் இந்தியர்களும் ஒன்று என்று மத்திய அரசின் 2021 அறிவிக்கையே சொல்கிறது, அதனால் எங்களிடம் 50 தான் வாங்கினார்கள். ஆனால் மூல அட்டை கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். மச்சானுக்கு 540, அவரும் பாஸ்போர்ட்டைக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடா, இங்கிலாந்து பாஸ்போர்ட் எடுத்துவிட்ட சொந்தங்கள் ஓசிஐ இல்லாமல் வந்தால் அவர்களுக்கு 1100 தான், பிறந்த ஊரைச் சொல்லிப் பயனில்லை. பதினைந்து வயதுக்குக் கீழே எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் இலவசம். இவை போக, சமாதிக் கட்டடத்துக்குள் போவதற்கு எல்லோருக்கும் தனியாக 200 ரூபாய் உண்டு. அதைச் சேர்த்தே எடுங்கள். அவ்வளவு தூரம் போய் உள்ளே போகாமல் திரும்புவது வருத்தமாக இருக்கும்.

இனி வழிகாட்டியைப் பற்றி. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது என்றால் அவரிடம்தான். ஐம்பதைத் தாண்டியவர், ஆக்ராக்காரர், கழுத்தில் அடையாள அட்டை. ஸ்டேஷனில் இறங்கியதுமே வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "தாஜ் மத்தியானம். இப்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதைப் பார்ப்போம்" என்றார். ஏஜெண்டு எழுதிக் கொடுத்த வரிசையில் தாஜ்தான் முதலில் இருந்தது. அவர் அதை மாற்றி, யமுனையின் அக்கரையில் இருக்கும் இதிமாத்-உத்-தௌலா சமாதிக்குக் கூட்டிப் போனார்.

இந்த இடத்தை ஒருநாள் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாத இடம். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் தன் தகப்பனார் மிர்சா கியாஸ் பேகுக்காக 1622-இல் தொடங்கி 1628-இல் முடித்த சமாதி. முழுக்க வெள்ளைச் சலவைக்கல், அதில் நிறக்கற்களைப் பதித்த வேலை. மதுக் கூஜா, பூ ஜாடி, சைப்ரஸ் மரம், நட்சத்திரக் கோலங்கள். கட்டடம் சிறியது, அதனால் பனி ஒரு தடையாகவே இல்லை, எல்லாம் கைக்கெட்டும் தூரம். கூட்டமும் இல்லை. அம்மா சுவர் சுவராகப் போய் நின்று, "இந்தப் பூவுக்கு மட்டும் எத்தனை துண்டு கல்லு ஒட்டியிருக்கான் பாரு" என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தாஜில் பெரிதாக வரப்போகும் வேலை இங்கே முதலில் எப்படிக் கைகூடியது என்பதை வழிகாட்டி பொறுமையாகச் சொன்னார். காலையில் இதைப் பார்த்திருந்ததால், மத்தியானம் தாஜ் சுவரில் எதைத் தேட வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. முந்தின நாள் டெல்லியில் ஹுமாயூன் சமாதி பார்த்ததும் இதே மாதிரி உதவியது. நான்கு பாகத் தோட்டம், நடுவில் உயர்ந்த மேடை, மேலே இரட்டைக் கும்மட்டம் எல்லாம் அங்கேயே வந்துவிட்டன. நேரம் இருக்கிறவர்கள் ஹுமாயூனை முதலில் பாருங்கள்.

ஆக்ரா கோட்டைக்குப் போகும்போது வெயில் வந்துவிட்டது. 1565-இல் அக்பர் கட்டத் தொடங்கிய செங்கல்நிறக் கோட்டை, பெரும்பகுதி இன்னும் ராணுவத்திடம் இருக்கிறது. நாம் போவது அமர்சிங் வாசல் வழியாக. அங்கே சரிவுப்பாதை நல்ல ஏற்றம். மூட்டுவலி இருக்கிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கூட்டிப் போக வேண்டும். ஜஹாங்கீர் அரண்மனை முன்னால் இருக்கும் ஒற்றைக் கல் தொட்டியைத் தாண்டி, வழிகாட்டி எங்களை நேராக முசம்மன் புர்ஜ் என்ற எண்கோணக் கோபுரத்துக்குக் கூட்டிப் போனார். 1658-இல் ஔரங்கசீப் சிறைவைத்த நாளிலிருந்து 1666-இல் இறக்கும்வரை ஷாஜஹான் இந்தக் கோட்டையில்தான் இருந்தார், மகள் ஜஹானாரா கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். ஆற்று வளைவுக்கு அப்பால் தாஜ் லேசான புகைநிறத்தில் தெரிந்தது. அப்பா ரயில்வேயில், மத்தியப் பிரதேசத்து இட்டார்சியில் சில வருடம் வேலை பார்த்தவர், இந்தி நன்றாக வரும். அவரே வழிகாட்டியிடம் ஜஹானாராவைப் பற்றி நிறையக் கேட்டார். நான் இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை, அம்மாவுக்கு அப்பாவே சொல்லிக்கொண்டு வந்தார்.

கோட்டையிலிருந்து சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் மனசு கசந்தது. ஓட்டுநர் வண்டியை ஒரு சலவைக்கல் கடை முற்றத்தில் நிறுத்தினார். "அஞ்சு நிமிஷம், எப்படிச் செய்கிறார்கள் என்று சும்மா பாருங்கள்." திட்டத்தில் கடை எதுவும் கிடையாது என்று ஏஜெண்டிடம் எழுதி வாங்கியிருந்தேன். அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆகும் என்பது ஆக்ரா போய்வந்த எல்லோருக்கும் தெரியும். கல், பிறகு கம்பளம், பிறகு தோல் பொருட்கள். வெளிநாட்டில் இருக்கிறோம் என்று தெரிந்தால் "வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம்" என்பார்கள். தாஜ் சீட்டுக்கு மூன்று மணி நேரம்தான் செல்லும், சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே மூடுகிறார்கள். கடையில் போகிற ஒவ்வொரு நிமிடமும் அங்கிருந்து பிடுங்குவதுதான். அப்பா இறங்காமலேயே இந்தியில் "முதலில் தாஜ், அப்புறம்தான் எல்லாம்" என்று அழுத்திச் சொன்னார். வழிகாட்டியும் எங்கள் பக்கம் நின்றார். வண்டி கிளம்பியது. ஓட்டுநருக்குச் சம்பளம் குறைவு, கடையில் கிடைக்கும் கமிஷனை நம்பித்தான் பிழைக்கிறார் என்பது புரிகிறது, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கமிஷனைக் கணக்கில் வைத்தே பயணத்தை மலிவாக விற்று, கடை கிடையாது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிற ஏஜெண்டுமேல்தான் கோபம்.

நிஜமாகவே சலவைக்கல் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: மலிவு விலையில் கிடைப்பது பெரும்பாலும் மாக்கல். சாவியால் லேசாகக் கீறினால் கோடு விழும். நல்ல சலவைக்கல் தட்டுக்குப் பின்னால் போன் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வரும்.

தாஜுக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போனோம். புகை படக்கூடாது என்பதால் வண்டிகளைத் தூரத்திலேயே ஷில்ப்கிராம் நிறுத்தத்தில் விட்டுவிட்டு மின்கல வண்டியில்தான் போக வேண்டும். அந்த நிறுத்தத்தில் இறங்கியதும் "நான் அரசாங்க கைடு", "வரிசை இல்லாமல் கூட்டிப் போகிறேன்" என்று சூழ்ந்துகொள்கிறவர்களை அங்கே லப்கா என்பார்கள். நம் வழிகாட்டி கூடவே இருந்தால் அவர்கள் நெருங்குவதில்லை. சோதனை வரிசை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குடும்பம் இரண்டாகப் பிரியும், உள்ளே எங்கே சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொருள், பிள்ளைகளின் மிட்டாய், கேமரா முக்காலி எதுவும் விடமாட்டார்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாயிலிலேயே கிடைத்தது. மேடைக்கு ஏறும் படிகளில் மட்டும் கைபிடித்து ஏற்றினோம்.

பெரிய வாசலைத் தாண்டியதும் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். வழிகாட்டி அங்கே எதுவும் பேசவில்லை, எங்களைப் பார்க்க விட்டார். அதுவும் ஒரு திறமை என்று நினைக்கிறேன். பிறகு தோட்டத்து ஓரமாக நிழலில் அம்மாவை உட்காரவைத்து, மும்தாஜின் கதையைச் சொன்னார். 1631-இல் புர்ஹான்பூரில், போர்முனைக்குப் போன கணவனோடு இருந்தபோது, பதினான்காவது பிரசவத்தில் இறந்தவள். முதலில் அங்கேயே அடக்கம் செய்து, பிறகுதான் ஆக்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். "பதினாலா!" என்று அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தக் கடைசிப் பிள்ளை என்னாச்சுன்னு கேளு" என்றார். வழிகாட்டி உடனே சொன்னார்: கௌஹர் ஆரா, பெண் குழந்தை, 1706 வரை உயிரோடு இருந்தாள். இத்தனை வருடமாகத் தாஜ்மஹாலைப் பற்றிக் கேட்டதில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

நல்ல வழிகாட்டியா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: தாஜைக் கட்டிய வேலையாட்களின் கைகளை ஷாஜஹான் வெட்டியது உண்மையா? உணர்ச்சியோடு "ஆமாம்" என்று சொன்னால் மற்றதையும் சந்தேகத்தோடு கேளுங்கள். எங்களவர், அதற்கு ஆதாரமே கிடையாது, அந்தக் கைவினைக்காரர்களின் தொழில் இன்றும் தாஜை ஒட்டிய தாஜ்கஞ்சில் நடக்கிறது என்றார். ஆற்றுக்கு அக்கரையில் ஷாஜஹான் கறுப்பு தாஜ்மஹால் கட்ட நினைத்தார் என்ற கதையும் அப்படியே. அங்கே இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்தைத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தது ஒரு எண்கோணக் குளம், இன்னொரு சமாதியின் அஸ்திவாரம் அல்ல. வாசல் வளைவில் குர்ஆன் எழுத்துகள் மேலே போகப் போகப் பெரிதாகின்றன, கீழிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே அளவாகத் தெரியும் என்பதை மகளுக்கு விரலால் அளந்து காட்டினார். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நடுவில் மும்தாஜ், பக்கத்தில் தள்ளி ஷாஜஹான். அந்த வளாகம் முழுக்க இருக்கும், இடமும் வலமும் ஒத்துப்போகிற ஒழுங்கை உடைப்பது அந்த ஒரு கல்லறைதான். நிஜக் கல்லறைகள் கீழ் அறையில், அங்கே போக முடியாது.

மூன்றே முக்காலுக்குக் கல்லில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. மாலை ரயில் 5.50-க்கு, அதனால் நாலே முக்காலுக்கு வெளியே வந்தோம். பெரியவர்களோடு இது இறுக்கமான நேரம். அடுத்த முறை ஒரு இரவு ஆக்ராவில் தங்கித்தான் பார்ப்பேன். தங்கினால் மறுநாள் 1571-இல் அக்பர் எழுப்பத் தொடங்கிய ஃபதேபூர் சிக்ரியை நிதானமாகப் பார்க்கலாம், ஒரே நாளில் அதையும் சேர்த்து விற்கும் திட்டத்தை வாங்காதீர்கள். பௌர்ணமியும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாளும் தாஜை இரவில் பார்க்க அனுமதிக்கிறார்கள், வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் தவிர. அதற்குச் சீட்டு தனி. ஆனால் ஜனவரியில் இரவுப் பனியில் அதற்காக அலைய வேண்டாம்.

வழிகாட்டிக்குப் பேசிய கட்டணத்துக்கு மேல் அப்பா தன் கையால் கொடுத்தார். ஓட்டுநருக்கும் கொடுத்தோம், கடைக்குப் போகாததால் அவருக்கு நஷ்டம் என்று தெரியும். வழிகாட்டியின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்து போகும்போது ஏஜெண்டே வேண்டாம், அவரையே நேராகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்வேன்.