கட்டபொம்மனா, கப்பலோட்டிய தமிழனா?

நான் பார்த்ததிலேயே பழைய படங்கள் இரண்டும் எங்கள் சீமைக் கதைகள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959, 'கப்பலோட்டிய தமிழன்' 1961. இரண்டுக்கும் இயக்கம் பி.ஆர். பந்துலு, நாயகன் சிவாஜி, இசை ஜி. ராமநாதன். கதைநாயகர்களின் ஊர்கள்கூட பக்கத்துப் பக்கத்தில்தான்: பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம். போன வாரம் ஆச்சியோடு உட்கார்ந்து இரண்டையும் மறுபடி பார்த்தேன்.

கட்டபொம்மன் வண்ணப் படம். சிவாஜியின் குரல் இன்றும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் மையால் மீசை வரைந்த ஒரு கட்டபொம்மன் இல்லாமல் மேடை நிறைந்ததே இல்லை. ஆனால் போர்க் காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்தார்கள். கரிசலில் நடந்து பழகிய கண்ணுக்கு அந்த மண் ஒட்டவில்லை. நாடக மேடையின் நீளமும் சில இடங்களில் அப்படியே தெரிகிறது.

மற்றது கறுப்பு வெள்ளை. வந்தபோது சரியாக ஓடவில்லை. இப்போது பார்க்க அதுதான் புதிதாக இருக்கிறது. பாட்டெல்லாம் பாரதி, அதனால் பழசாகவே இல்லை. சிறையிலிருந்து வெளியே வரும் வ.உ.சி.யை வரவேற்க, தொழுநோயால் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவா வந்து நிற்பார். டி.கே. சண்முகம் அந்த வேடத்தில். சிவாஜிக்கு அவரை முதலில் அடையாளம் தெரியாது. அங்கே வசனத்தைவிட முகங்கள்தான் பேசுகின்றன. ஆச்சி சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு முதலில் கட்டபொம்மனைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால், நான் கப்பலோட்டிய தமிழனைத்தான் எடுப்பேன்.